பேக்ரெஸ்ட் ஆடுகிறதா? முதலில் சீட்டைக் கழற்றுங்கள்

ஓட்டுபவரின் முதுகுக்கென்று பைக்கில் மாட்டும் பேக்ரெஸ்ட்டில் பாகங்கள் அதிகம் இல்லை. சீட்டுக்கு அடியில் சேஸிஸோடோ பின் மட்கார்டோடோ போல்ட் போட்டு இறுக்கும் ஒரு பிராக்கெட், அதிலிருந்து மேலே எழும் ஒரு பட்டை, அதன் தலையில் குஷன், உயரத்தையும் சாய்வையும் மாற்ற ஒரு திருகுக் குமிழ் அல்லது ஸ்பிரிங் பின். அவ்வளவுதான். ஆனால் ‘ஆடுது’, ‘கடகடன்னு சத்தம் வருது’, ‘சாய்ஞ்சா பின்னாடி போகுது’ என்று புகார் வந்தால் எல்லோரும் கை வைப்பது மேலே தெரியும் குஷனிலும் குமிழிலும்தான். கோளாறோ பெரும்பாலும் சீட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். குமிழை இடுக்கி போட்டு முறுக்கினால் குமிழின் மரைதான் போகும், ஆட்டம் போகாது.

வாங்கும்போதே தொடங்கும் தவறு

பைக்கின் பெயரைப் பார்த்து வாங்குகிறார்கள், ஆண்டைப் பார்ப்பதில்லை. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 என்ற பெயர் அப்படியே இருக்கிறது. 2021-ல் வந்த வண்டிக்குச் சேஸிஸே வேறு. பழைய கிளாசிக்குக்குச் செய்த பிராக்கெட்டைப் புதியதில் உட்கார வைக்க முடியாது. ஹார்லியின் டூரிங் வண்டிகளில் 2009-ல் சேஸிஸ் மாறியது. ஹோண்டா கோல்டுவிங் 2018-ல் முழுக்கப் புதிதானது. ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று விற்கும் கிட்டை வாங்குமுன் பிராக்கெட்டின் துளைகளுக்கு இடையேயான மைய அளவைக் கேட்டு வாங்கி, சீட்டைக் கழற்றி ஸ்கேல் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். சீட்டும் கம்பெனி சீட்டாக இருக்க வேண்டும். பஞ்சு கூட்டித் தைத்த சீட்டில் ஓட்டுபவர் சீட்டுக்கும் பில்லியன் சீட்டுக்கும் நடுவில் பட்டை வெளியே வர இடமே இருக்காது.

துளை 1 மி.மீ. விலகி நிற்பது சகஜம். மற்ற போல்ட்களைத் தளர்த்திவிட்டு பிராக்கெட்டை அசைத்தால் சரியாகிவிடும். 3, 4 மி.மீ. விலகினால் அது உங்கள் வண்டிக்கான பொருளே இல்லை. அங்கேதான் சிலர் வட்ட அரத்தால் துளையை நீட்டுகிறார்கள், பிராக்கெட்டை வைஸில் வைத்து வளைக்கிறார்கள். நீட்டிய துளையில் போல்ட் நாளடைவில் நழுவும். வளைத்த இடத்தில் அதிர்வு தாங்காமல் விரிசல் விழும், அதுவும் பவுடர் கோட்டிங்குக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல்.

பழைய போல்ட்டையே போடாதீர்கள்

மற்ற எல்லாத் தவறுகளையும்விட அதிகம் நடப்பது இது. சீட் அல்லது மட்கார்டைப் பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றி, நடுவில் பிராக்கெட்டை நுழைத்து, அதே போல்ட்டைத் திரும்ப முடுக்குவார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 மி.மீ. நீளமுள்ள எம்8 (8 மி.மீ. விட்டம்) போல்ட், 4 மி.மீ. தகட்டைப் பிடித்திருந்தபோது 16 மி.மீ. மரைக்குள் இருந்தது. இப்போது 5 மி.மீ. பிராக்கெட்டும் 2 மி.மீ. வாஷரும் சேர்ந்ததும் உள்ளே இருப்பது 9 மி.மீ. மட்டும். இரும்பு மரையில் குறைந்தது போல்ட்டின் விட்டம் அளவுக்காவது உள்ளே போக வேண்டும், அதாவது எம்8-க்கு 8 மி.மீ. அங்கே தப்பித்துவிடும். அலுமினியத்தில் ஒன்றரை மடங்கு, 12 மி.மீ. வேண்டும். 9 மி.மீ.யோடு விட்டால் ஒருநாள் மரையே உருவிக்கொண்டு வரும். ஆக, எவ்வளவு தடிமன் கூட்டினீர்களோ அவ்வளவு நீளமான போல்ட் வேண்டும். கிட்டோடு வந்த போல்ட் நீளமாக இருப்பது இதற்காகத்தான்.

அதற்காகக் கையில் கிடைத்த நீள போல்ட்டையும் போடக்கூடாது. அடி மூடிய துளையில் நீள போல்ட் அடியை முட்டி நின்றுவிடும். கைக்கு நல்ல இறுக்கமாகத் தெரியும், பிராக்கெட் மட்டும் லூஸாகவே இருக்கும். போல்ட் தலைக்கு அடியில் உள்ள வாஷரை விரலால் சுற்றிப் பாருங்கள். சுழன்றால் போல்ட் முட்டி நிற்கிறது என்று அர்த்தம்.

மட்கார்டைத் துளைத்து மாட்டும் வகையில் இதைவிட ஆபத்து உண்டு. போல்ட்டின் முனை கீழே நீட்டிக்கொண்டிருந்தால், இரண்டு பேர் உட்கார்ந்து பள்ளத்தில் இறங்கும்போது பின் டயர் மேலே வந்து அதில் உரசும். டயருக்கு மேலே, மட்கார்டின் உட்புறத்தில் இருக்க வேண்டியது வட்டத்தலை மட்டுமே. நட்டும் மரை முனையும் மேலே சீட்டுப் பக்கம் வர வேண்டும். தலைகீழாக மாட்டிய வண்டிகள் நிறைய ஓடுகின்றன. நிறுத்திவைத்த வண்டியில் உரசல் தெரியாது என்பதுதான் சிக்கலே.

ஹார்லி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அந்த வண்டிகளில் அங்குல மரை அதிகம். 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ., எம்8 என்றே தோன்றும். ஆனால் அது அங்குலத்துக்கு 18 மரை, எம்8-ன் 1.25 மி.மீ. இடைவெளி அங்குலத்துக்கு 20-க்கும் சற்று மேல். அந்த மரையில் எம்8-ஐப் போட்டால் ஒன்றிரண்டு சுற்று சுகமாகப் போய்ப் பிடித்துக்கொள்ளும். அங்கே ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் மரை காலி. எந்த போல்ட்டாக இருந்தாலும் முதல் நாலைந்து சுற்று விரலாலேயே போக வேண்டும்.

இறுக்கும் வரிசை

முதல் போல்ட்டை முழுதாக டைட் செய்துவிட்டு இரண்டாவதற்குப் போவதுதான் வழக்கமான அவசரம். பிராக்கெட் ஒரு பக்கம் இழுபட்டு, இன்னொரு பக்கம் தூக்கிக்கொள்ளும். எல்லா போல்ட்டையும் கையால் திருகிவிட்டு, பட்டையைச் செருகி, அது வண்டியின் நடுக்கோட்டில் நேராக நிற்கிறதா என்று பின்னாலிருந்து பாருங்கள். பிறகு எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கிட்டின் தாளில் டார்க் (எவ்வளவு முறுக்கி இறுக்க வேண்டும் என்ற) அளவு இருந்தால் அதுதான் கணக்கு. இல்லையென்றால், 8.8 தர போல்ட் இரும்பு மரையில் இறங்கும்போது எம்6-க்கு 10 நியூட்டன் மீட்டர், எம்8-க்கு 20 முதல் 25 வரை போதும். அலுமினிய மரைக்கு இதைவிடக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இறுக்கிய போல்ட் மறுபடி மறுபடி லூஸாகிறதா? பிராக்கெட் உட்காரும் முகத்தைப் பாருங்கள். தடித்த பெயின்ட் அல்லது பவுடர் கோட்டிங் போல்ட் தலைக்கு அடியில் நசுங்கி இறங்கும். அது இறங்கிய அளவுக்கு இறுக்கம் போய்விடும். சத்தம் வராமலிருக்க ரப்பர் வாஷர் வைப்பவர்களுக்கும் இதே கதிதான். ரப்பர் நசுங்கிக்கொண்டே போகும், போல்ட் தளர்ந்துகொண்டே போகும். தாங்கும் இடத்தில் உலோகத்தோடு உலோகம் உட்கார வேண்டும். கோட்டிங்கைச் சுரண்டிய இடத்தில் துருப்பிடிக்காமலிருக்க மெல்லிய பூச்சு ஒன்று அடித்தால் போதும்.

மரையில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, மரை இளகாமல் பிடிக்கும் பசையான நீல நிற லாக்டைட் 243 ஒரு சொட்டு விடுங்கள். அது முழுப் பலம் பெற ஒரு நாள் ஆகும். மாட்டிய கையோடு நெடுந்தூரம் கிளம்பாதீர்கள். சிவப்பு லாக்டைட் வேண்டாம், பிறகு சூடு காட்டாமல் கழற்ற முடியாது, சீட்டுக்கு அடியில் சூடு காட்டுவது யாருக்கும் நல்லதில்லை. லாக்டைட் பிளாஸ்டிக் பேனலில் வழிந்தால் பிளாஸ்டிக் வெடித்துக் கீறல் விடும். உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டுக்கு இது தேவையே இல்லை.

சீட்டுக்கு அடியில் இன்னும் இரண்டு

வேலை தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். நீளமான இரும்பு பிராக்கெட் பேட்டரி டெர்மினலுக்குப் பக்கத்தில் நுழையும்போது ஒருமுறை தொட்டால் போதும், ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். பின் விளக்குக்குப் போகும் வயர் கட்டு பிராக்கெட்டுக்கு அடியில் மாட்டியிருக்கிறதா என்பதை இறுக்குமுன் பார்க்க வேண்டும். அன்றே எதுவும் ஆகாது. அதிர்வில் உறை தேய்ந்து, ஒரு மழை நாளில் ஃபியூஸ் போகும். அப்போது பேக்ரெஸ்ட்மேல் யாருக்கும் சந்தேகமே வராது.

இரண்டாவது, சீட் பூட்டு. பிராக்கெட்டின் தடிமனால் சீட் 2, 3 மி.மீ. தூக்கினாலே பூட்டின் கொக்கி பாதி மட்டும் மாட்டும். ‘டக்’ என்று சத்தம் கேட்டதை நம்பாமல் சீட்டின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனியே மேலே இழுத்துப் பாருங்கள்.

ஆட்டத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

ஒரு கையால் குஷனை முன்னும் பின்னும் அசையுங்கள். மற்றொரு கையின் ஆள்காட்டி விரலை ஒவ்வொரு இணைப்பின் மேலும், இரண்டு பாகங்களையும் ஒரே நேரத்தில் தொடும்படி வையுங்கள். குஷனும் பட்டையும் சேரும் இடம், பட்டை செருகும் கூடு, கூடு சேஸிஸில் உட்காரும் இடம், இந்த வரிசையில். எங்கே ஒரு பாகம் அசைந்து மற்றது அசையாமல் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. கண்ணுக்குத் தெரியாத அசைவுகூட விரல் நுனிக்குத் தெரியும்.

கூட்டில் கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு. கழற்றி மாட்ட இடம் வேண்டும் என்று செய்பவர்களே விட்டிருப்பார்கள். ஆனால் 5 செ.மீ. ஆழக் கூட்டில் 1 மி.மீ. ஆட்டம், 30 செ.மீ. உயரத்தில் 6 மி.மீ. ஆகத் தெரியும். முதுகு சாய்ந்ததும் அது நின்றுவிட்டால் கவலை வேண்டாம். எரிச்சலாக இருந்தால் பட்டைக்கும் கூட்டுக்கும் நடுவில் மெல்லிய நைலான் பட்டை வைக்கலாம், கூட்டில் அழுத்துத் திருகு இருந்தால் அதை இறுக்கலாம். வெல்டிங் பட்டறைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். வண்டியில் வைத்தே வெல்டு செய்தால் மின்னோட்டம் இசியுவை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியை) கெடுக்கும், பெட்ரோல் டேங்க்கும் பக்கத்தில் இருக்கிறது.

ஸ்பிரிங் பின் உள்ளதில் இன்னொரு ஏமாற்று உண்டு. அந்த ஸ்பிரிங் பின், துளைக்குள் முழுதாக விழாமல் இரண்டு துளைகளுக்கு நடுவில் அழுத்தி நிற்கும். கடையில் அசைத்தால் திடமாக இருக்கும், ஓடும்போது ஒரு வேகத்தடையில் நழுவும். பின்னை இழுத்து விட்ட பிறகு பட்டையை மேலும் கீழும் அசையுங்கள். பின் விழும் சத்தம் கேட்கும். சாய்வைத் திருகுக் குமிழால் பிடிக்கும் வகையில் பற்கள் உள்ள வாஷர்கள் ஒன்றோடொன்று கவ்வி நிற்க வேண்டும். அங்கே கிரீஸ் தடவினால் சாய்வு நிற்காது. ‘துருப்பிடிக்குமே’ என்று நல்லெண்ணத்தில் தடவுகிறவர்கள் அதிகம்.

குஷனைப் பிடிக்கும் எம்6 திருகுகள் உள்ளே பதித்த நட்டுகளில் இறங்குகின்றன. நீளம் கூடினால் திருகு பஞ்சைத் தாண்டி முதுகில் குத்தும். அதிகம் இறுக்கினால் அந்த நட்டே பலகையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும்.

உயரம், சாய்வு, பில்லியன்

ஓட்டும்போது போடும் ஜாக்கெட்டோடு உட்கார்ந்துதான் அளவு வைக்க வேண்டும். குஷனின் கீழ் விளிம்பு சீட்டிலிருந்து நாலு விரல் உயரத்தில் தொடங்கி, இடுப்பு வளைவைத் தாங்கினால் போதும். தோள்பட்டை வரை ஏற்றினால் மேலுடம்பை முன்னே தள்ளும். ஹேண்டில்பாரை இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். தூரத்துக் கை முழங்கை நேராகிவிட்டால் குஷன் ரொம்பப் பின்னால் இருக்கிறது. டேங்க்கோடு ஒட்டி உட்கார வைத்தால் ரொம்ப முன்னால். பிறகு ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று திரும்ப உட்காருங்கள், ஜாக்கெட்டின் விளிம்பு குஷனில் மாட்டக்கூடாது. சாய்வு மாற்றுவதெல்லாம் வண்டி நின்ற பிறகுதான்.

பில்லியன் ஏறும்போது பேக்ரெஸ்ட்டைப் பிடித்து ஏறினால் என்ன ஆகும்? 25 செ.மீ. உயரத்தில் 40 கிலோ விசையோடு இழுத்தால், 5 செ.மீ. இடைவெளியில் உள்ள போல்ட்களுக்கு 200 கிலோ விழுகிறது. இது முதுகு சாய்வதற்குச் செய்த பொருள். ஏறும் கைப்பிடியாகச் செய்யவில்லை. சிக்கல் என்னவென்றால், பில்லியன் பிடிக்கும் சீட் வார் இருக்கும் இடத்தில்தான் பிராக்கெட் வருகிறது, அதனால் அந்த வாரை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 123-ஆம் விதிப்படி பில்லியனுக்கு நிரந்தரக் கைப்பிடி இருந்தே ஆக வேண்டும். வாரை எடுத்தால் பக்கவாட்டிலோ பின்னாலோ கிராப் ரெயில் இருக்கட்டும்.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு நட்டிலிருந்தும் பிராக்கெட்வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை, 500-ல் ஒருமுறை சீட்டைத் தூக்கிப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் அந்த நட் திரும்பியிருக்கிறது. கோடு நேராக இருந்தும் போல்ட் இளகியிருந்தால் அடியில் கோட்டிங் நசுங்கியிருக்கிறது; முகத்தைச் சுத்தம் செய்து, புது போல்ட் போட்டு இறுக்குங்கள்.