பழைய தேவாலய ஆர்கனின் பெடல் குழல்களைப் பரிசோதிப்பது எப்படி?

ஆர்கன் என்பது குழல்களில் காற்றைச் செலுத்தி வாசிக்கும் இசைக்கருவி. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரின் புனித யாக்கோபு தேவாலயத்துக்காக ஆர்ப் ஷ்னிட்கர் என்ற ஆர்கன் கைவினைஞர் 1689 முதல் 1693 வரை அமைத்த ஆர்கனில் 60 ஸ்டாப்புகள், அதாவது கைப்பிடியை இழுத்தால் ஒலிக்கும் ஒரே வகைக் குரல் கொண்ட குழல் வரிசைகள், உள்ளன. அவற்றுள் 14, காலால் மிதித்து வாசிக்கும் பெடலுக்கு உரியவை. அதன் முகப்புக் குழல்கள் முதல் உலகப் போரின்போது, 1917இல், உலோகத்துக்காகப் பறிபோயின. எஞ்சியவற்றில் பெரும்பகுதி அடுத்த போரில் முன்கூட்டியே கழற்றிப் பாதுகாக்கப்பட்டதால்தான் குண்டுவீச்சுக்குத் தப்பியது. 1993இல் ஆர்கன் கைவினைஞர் யூர்கன் ஆரெண்ட் அதைச் சீரமைத்து முடித்தார். இவ்வளவு கடந்து வந்த குழல்களைப் பரிசோதிக்கும்போது எதையும் கழற்றாமல், வெறும் கையால் தொடாமல், காதையும் கண்ணையும் மட்டும் நம்புவதே முறை.

முதலில் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். காற்று சூடேறினால் சாதாரணக் குழல்களின் சுருதி ஏறும். 10 டிகிரி செல்சியஸ் கூடினால் ஏறத்தாழ அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரும். பொசவுனே, டிரம்பெட் போன்ற, உள்ளே பித்தளை நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் நாக்குக் குழல்களோ அந்த அளவுக்கு மாறுவதில்லை. எனவே குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட தேவாலயத்தில் நாக்குக் குழல்கள் சுருதி இறங்கியதுபோல் கேட்டால், அதைப் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம்.

அடுத்து, வாசிப்பவரிடம் ஒரு நேரத்தில் ஒரே ஸ்டாப்பை இழுத்து, பெடலின் கீழ்க்கோடியிலிருந்து ஒவ்வொரு சுரமாக நிதானமாக மிதிக்கச் சொல்லுங்கள். 32 அடி ஸ்டாப்பில் மிகத் தாழ்ந்த சுரம் தரும் குழல் ஏறத்தாழ 10 மீட்டர் உயரம் உடையது. வினாடிக்குச் சுமார் 16 அதிர்வுகள் தரும் அந்த நாதத்தைக் காதைவிட உடம்பே முதலில் உணரும். அது முழுமையாக எழச் சற்று நேரம் பிடிப்பது இயல்பே. காலை எடுத்த பிறகும் ஒலி நிற்காவிட்டால் கோளாறு பெரும்பாலும் குழலில் இல்லை, குழல்கள் நிற்கும் காற்றுப்பெட்டியின் வால்விலோ அதன் இணைப்பிலோ இருக்கும். மிதித்த சுரத்தோடு பக்கத்துச் சுரமும் மெலிதாகக் கேட்டால் காற்றுப்பெட்டியில் கசிவு உண்டு. மேல்முனை மூடிய குழல் ஒன்று மட்டும் சுருதி ஏறி ஒலித்தால், அதன் மூடி தளர்ந்து கீழே இறங்கியிருக்கலாம்.

பிறகு டார்ச் விளக்கைக் குழலின் பக்கவாட்டிலிருந்து சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நேரே அடிக்கும் ஒளியில் தெரியாத நெளிவுகள் அப்போது தெரியும். ஈயம் கலந்த உலோகம் மென்மையானது என்பதால், பெரிய குழலின் முழு எடையையும் தாங்கும் கூம்பு வடிவப் பாதம் காலப்போக்கில் நசுங்கும். காற்றுப்பெட்டியில் செருகியிருக்கும் நுனிக்குச் சற்று மேலே தோலில் விழும் மடிப்புப்போல வளையங்கள் தென்பட்டால், குழலைப் பின்புறச் சட்டத்தோடு பிணைக்கும் கொக்கி இன்னும் பிடிப்போடு இருக்கிறதா என்று உடனே பாருங்கள்.

வெண்பொடியை மிகக் கவனமாகத் தேடுங்கள். லூபெக் நகரின் புனித யாக்கோபு தேவாலயத்தில் உள்ள ஸ்டெல்வாகன் ஆர்கனில், ஓக் மரம் வெளியிடும் அசிட்டிக் அமில ஆவி ஈயக் குழல்களின் பாதங்களை உள்ளிருந்தே அரித்தது. உள்ளே தொடங்கும் இந்த அரிப்பு வெண்பொடியாக வெளியே தெரியும்போது உலோகம் ஏற்கெனவே மெலிந்திருக்கும். அந்தப் பொடி நச்சுத்தன்மை உடையது. துடைக்காமல், ஊதாமல் புகைப்படம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாப், சுரம், வெப்பநிலை, கேட்ட குறை ஆகியவற்றை எழுதி ஆர்கன் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். ஒலிக்காத நாக்குக் குழலில் பெரும்பாலும் ஒரு தூசிதான் சிக்கியிருக்கும். ஆனாலும் நீங்களே அதை எடுக்க முயல வேண்டாம், ஏனெனில் பித்தளை நாக்குக்குக் கைவினைஞர் கொடுத்த நுண்ணிய வளைவு ஒரு முறை மாறினாலே அந்தக் குழலின் குரல் மாறிவிடும்.