மோட்டார்ஹோமில் 'சோலாருக்கு ரெடி' என்று எழுதியிருந்தால் என்னதான் ரெடி?

எங்கள் மோட்டார்ஹோமை செகண்ட் ஹேண்டில் வாங்கியபோது, விற்றவர் அலமாரிக்குள் இருந்த ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடியைத் தட்டிக்காட்டி, "சோலார் ஒயரிங் எல்லாம் முடிந்துவிட்டது, பேனலை வாங்கி மாட்டினால் போதும்" என்றார். வீட்டுக்கு வந்து மூடியைக் கழற்றினேன். உள்ளே முனையில் டேப் சுற்றிய இரண்டு ஜோடி ஒயர் சுருண்டு கிடந்தது. அவ்வளவுதான்.

அவர் பொய் சொல்லவில்லை. அமெரிக்காவில் 'சோலார் பிரெப்' என்று ஒட்டி வரும் வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது இதுதான்: கூரையிலிருந்து உள்ளே ஓரிடம் வரைக்கும் ஒரு ஜோடி ஒயர், அங்கிருந்து பேட்டரி வரைக்கும் இன்னொரு ஜோடி. பேனல் கிடையாது, பேனலிலிருந்து வரும் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மட்டுப்படுத்தித் தரும் சார்ஜ் கன்ட்ரோலர் கிடையாது, பல வண்டிகளில் ஃபியூஸ்கூட கிடையாது. ஆனாலும் இது லேசான உதவி இல்லை. கட்டி முடித்த சுவருக்குள் கூரையிலிருந்து கீழே ஒயர் இழுப்பதுதான் இந்த வேலையிலேயே முதுகை ஒடிக்கும் பகுதி, அதை ஃபேக்டரியிலேயே செய்து கொடுத்துவிட்டார்கள். பிரச்சினை எங்கே வருகிறது என்றால், நாம் முதலில் தள்ளுபடியில் பேனலை வாங்கிவிட்டு அப்புறம் ஒயரைப் பார்க்கிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். ஒயர் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எவ்வளவு தடிமன், இந்த மூன்றும் தெரியாமல் ஒரு பேனல்கூட வாங்காதீர்கள்.

கூரையிலிருந்து தொடங்குங்கள். ஏணி வைத்து ஏறினால், சில வண்டிகளில் ஃப்ரிட்ஜ் வென்ட் மூடிக்குள் ஒயர் முனைகள் இருக்கும், சிலவற்றில் தனியாக ஒரு பெட்டியோ, இரண்டு மூன்று சாக்கெட் உள்ள மூடியோ இருக்கும். மூன்று சாக்கெட் இருந்தால் மூன்றும் உள்ளே பேரலலாக, அதாவது பிளஸ் பிளஸோடும் மைனஸ் மைனஸோடும் சேர்ந்துதான் கீழே போகும், மூன்று தனி லைன் என்று நினைத்துவிடாதீர்கள்.

வண்டியின் பக்கச்சுவரில் 'சோலார்' என்று எழுதி ஒரு சாக்கெட் இருக்கிறதே, அது வேறு கதை. தரையில் விரித்து வைக்கும் மடக்குப் பேனலுக்கானது அது, பெரும்பாலும் நேராக பேட்டரிக்கே போகும். அதனால் அங்கே செருகும் பேனலில் அதற்கென்று கன்ட்ரோலர் இருந்தாக வேண்டும். அப்புறம் இன்னொன்று, பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இந்த பிளக்குகளில் சில கம்பெனிகள் பிளஸ் மைனஸை மற்றவர்களுக்குத் தலைகீழாக வைத்திருக்கின்றன. செருகிவிட்டுப் பார்க்கலாம் என்பது இங்கே செல்லாது, முதலில் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

மீட்டர் என்றதும் பயப்பட வேண்டாம், இருபது முப்பது டாலர் மல்டிமீட்டர் போதும். அலமாரிக்குள் இருக்கும் நான்கு முனைகளையும் ஒன்றோடொன்று படாமல் பிரித்து வைத்து, ஒவ்வொரு ஜோடியாக வோல்ட் பாருங்கள். 12, 13 வோல்ட் காட்டும் ஜோடி பேட்டரிக்குப் போவது. எதுவும் காட்டாதது கூரைக்குப் போவதாக இருக்க வேண்டும். இரண்டு ஜோடியும் செத்துக் கிடந்தால், பேட்டரி டிஸ்கனெக்ட் சுவிட்ச் அணைந்திருக்கிறதா, பேட்டரி பக்கத்தில் ஃபியூஸ் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கூரை ஜோடியை உறுதி செய்ய, மேலே போய் அந்த இரண்டு முனைகளையும் ஒன்றாக முறுக்கிவிட்டு, கீழே வந்து, ஒயர் அறுபடாமல் இருக்கிறதா என்று காட்டும் கன்டினியுட்டி செட்டிங்கில் வைத்தால் மீட்டர் கீச்சென்று கத்த வேண்டும். கத்தினால் சரி. முறுக்கியதை மறக்காமல் பிரித்துவிடுங்கள். நான் பிரிக்க மறந்து, அதோடு சேர்த்தே பேனலையும் இணைத்துவிட்டு, கொளுத்தும் வெயிலில் ஏன் சைபர் வோல்ட் காட்டுகிறது என்று அரை நாள் கன்ட்ரோலரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நிறத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காரில் கறுப்பு என்றால் மைனஸ் என்று கை பழகியிருக்கும். அமெரிக்க ஆர்.வி.க்களின், அதாவது மோட்டார்ஹோம் போன்ற வீட்டு வண்டிகளின், 12 வோல்ட் ஒயரிங்கில் பல இடங்களில் கறுப்பு பிளஸ், வெள்ளை மைனஸ். சிவப்பு கறுப்பு ஜோடியும் வரும், வெள்ளை கறுப்பு ஜோடியும் வரும், சில சமயம் ஒரே வண்டியில் இரண்டும் வரும். நிறத்தை நம்பாதீர்கள், மீட்டரை நம்புங்கள்.

சரி, தடிமன். ஒயர் உறையிலேயே அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 10 கேஜ் (கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிமன்). இந்த ஒயரில் ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 1 ஓம் தடை. கூரையிலிருந்து கன்ட்ரோலருக்கு 20 அடி என்றால் போக வர 40 அடி, அதாவது 0.04 ஓம். இதில் 200 வாட் பேனல் இரண்டை பேரலலாக இணைத்தால் 20 ஆம்ப் ஓடும், 0.8 வோல்ட் வழியிலேயே போய்விடும், 16 வாட் சுவருக்குள் சூடாகப் போகும். அதே இரண்டு பேனலை சீரீஸாக, ஒன்றின் பிளஸை மற்றதன் மைனஸில் கோத்தால், வோல்ட் இரட்டிப்பாகும், ஆம்ப் 10-இலேயே நிற்கும், இழப்பு 4 வாட்தான். அதாவது சுவருக்குள் இருக்கும் ஒயரைத் தொடாமலேயே அதன் திறனை ஏற்றிக்கொள்ளலாம். ஒயர்தான் எஜமான், பேனலை அதற்கேற்ப அடுக்க வேண்டும். பேரலலில் மூன்றாவது பேனலையும் சேர்த்தால் 30 ஆம்ப், 10 கேஜ் ஒயரின் எல்லைக்கே வந்துவிடும், அதோடு ஒவ்வொரு பேனலுக்கும் தனி ஃபியூஸும் வேண்டும்.

சீரீஸில் ஒரு குறை உண்டு, ஒரு பேனலில் நிழல் விழுந்தால் மொத்தமும் அடி வாங்கும். நிழல் விழுந்த பகுதியைத் தாண்டிக் கரன்ட்டைக் கடத்தும் பைபாஸ் டயோடுகள் பேனலுக்குள் இருக்கும், அவை ஓரளவு காப்பாற்றும், ஆனால் மரநிழலில்தான் எப்போதும் நிறுத்துவேன் என்பவருக்கு பேரலல் மேல். எங்களைப் போலப் பாலைவனத்துக்குப் போகிறவர்களுக்கு சீரீஸ்.

சீரீஸ் என்றால் கன்ட்ரோலர் எம்.பி.பி.டி. வகையாகத்தான் இருக்க வேண்டும். மலிவு கிட்டுகளில் தரும் பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் பேனலை பேட்டரியின் வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கும், மிச்ச வோல்ட் வீண். 100 வாட் பேனல் 18 வோல்ட்டில் ஐந்தரை ஆம்ப் தரும் என்றால், 13 வோல்ட் பேட்டரியில் பி.டபிள்யூ.எம். வழியே வருவது 70 வாட் சொச்சம். எம்.பி.பி.டி. அந்த அதிக வோல்ட்டை ஆம்ப்பாக மாற்றித் தரும். அளவு பார்க்க, மொத்த வாட்டை 13-ஆல் வகுங்கள்: 400 வாட்டுக்கு 30 ஆம்ப். அடுத்து வோல்ட். பேனலின் பின்னால் ஓபன் சர்க்யூட் வோல்ட் என்று போட்டிருக்கும், எங்களுடையது ஒவ்வொன்றும் 24, இரண்டும் சேர்ந்து 48. குளிரில் இது ஏறும், உறைபனிக் காலையில் பத்து சதவீதம் கூட என்று வைத்து 53. ஆக 100 வோல்ட் தாங்கும் கன்ட்ரோலர் நிம்மதி. விக்ட்ரான் கம்பெனியின் கன்ட்ரோலரில் 100/30 என்று எழுதியிருந்தால் 100 வோல்ட், 30 ஆம்ப் என்று பொருள், மற்ற கம்பெனிகளும் கிட்டத்தட்ட இப்படித்தான் எழுதுகின்றன.

400 வாட் போதுமா? குளிர்காலத்தில் அரிசோனாவின் குவார்ட்ஸைட் பக்கம் ஆர்.வி.க்கள் கூட்டம் கூட்டமாக வந்து, மின் இணைப்பே இல்லாத அரசு நிலத்தில் மாதக்கணக்கில் தங்குகின்றன. பாலைவனம், மேகமே இல்லை, சோலாருக்கு அதைவிட நல்ல இடம் ஏது என்று தோன்றும். ஆனால் டிசம்பர் கடைசியில் அங்கே நடுப்பகலில்கூட சூரியன் 33 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாது. கூரையில் படுத்துக் கிடக்கும் பேனலுக்கு நேர் வெயிலில் பாதியைவிடக் கொஞ்சம் கூடத்தான் கிடைக்கும். எங்கள் 400 வாட்டிலிருந்து அந்த நாட்களில் கைக்கு வருவது நாளுக்கு 70 ஆம்ப் அவர் (ஆம்ப்பை மணி நேரத்தால் பெருக்கியது) அளவில், ஜூனில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். செலவுப் பக்கம் பார்த்தால், ஹீட்டர் கேஸில் எரிந்தாலும் அதன் ஃபேன் 7 ஆம்ப் இழுக்கும், இரவில் மொத்தம் ஐந்து மணி நேரம் ஓடினால் 35 போயிற்று. 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் என்றால் நாளுக்கு நாற்பது ஐம்பது. கணக்கு இங்கேயே உதைக்கிறது. பழைய கேஸ் ஃப்ரிட்ஜ் இருப்பவர்கள் தப்பித்தார்கள். கூரை ஏ.சி.யை இதில் ஓட்டும் ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள்.

மிக்ஸியைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள், நம் வீட்டிலும் முதல் கேள்வி அதுதான். 550 வாட் மிக்ஸியில் மூன்று நிமிடம் சட்னி அரைத்தால் இன்வர்ட்டர் இழப்போடு சேர்த்தும் இரண்டரை ஆம்ப் அவர்தான், ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த மூன்று நிமிடமும் பேட்டரியிலிருந்து 50 ஆம்ப்புக்குக் குறையாமல் இழுக்கும், ஸ்டார்ட் ஆகும்போது அதற்கும் மேல், அதனால் இன்வர்ட்டருக்குப் போகும் கேபிள் தடிமனாக இருக்க வேண்டும். அந்த இணைப்புக்கும் இந்தச் சோலார் ஒயருக்கும் சம்பந்தமில்லை, இதில் போய் இன்வர்ட்டரைக் கோக்காதீர்கள்.

கூரை வேலை. இரண்டு பேனலையும் கூரைமேல் வெறுமனே வைத்துப் பார்த்து, காலை, மதியம், மாலை ஏ.சி. பெட்டியின் நிழல் எங்கே விழுகிறது என்று ஒரு நாள் கவனியுங்கள். ஒயர் வரும் இடத்துக்குப் பக்கம் என்பதற்காக நிழலில் வைக்காதீர்கள், கூரைமேல் கூடுதல் ஒயர் ஓட்டுவது சுலபம். பேனலுக்கு அடியில் ஓரங்குலமாவது இடைவெளி வேண்டும், சூடானால் உற்பத்தி குறையும். கூரையின் பிளைவுட் மெல்லியது, அதில் மட்டும் திருகு பிடித்தால் நெடுஞ்சாலைக் காற்றில் பிய்ந்துவிடும், அடியில் இருக்கும் சட்டத்தைத் தேடிப்பிடித்து அதில் திருகுங்கள். நீளத் திருகும் வேண்டாம், கூரைக்குள் வேறு ஒயர்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு பிராக்கெட்டுக்கு அடியிலும் பியூட்டைல் டேப், திருகிய பிறகு மேலே தானாகப் பரவும் லேப் சீலன்ட், டைகார் போன்றது, தாராளமாக. கூரை ரப்பரா, டி.பி.ஓ. என்ற பிளாஸ்டிக் விரிப்பா, ஃபைபர் கிளாஸா என்று பார்த்து அதற்குரிய சீலன்ட்டை வாங்குங்கள். சிலிக்கான் மட்டும் வேண்டவே வேண்டாம், பின்னால் ஒழுகும்போது அதன்மேல் வேறு எதுவும் ஒட்டாது. சோலார் கோளாறானால் ஒரு நாள் இருட்டில் இருப்போம், கூரை ஒழுகினால் சுவரே ஊறி உளுத்துப்போகும், இரண்டில் எதற்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கன்ட்ரோலரை முடிந்தவரை பேட்டரிக்குப் பக்கத்தில் வையுங்கள், ஆனால் தண்ணீர் ஊற்றும் லெட் ஆசிட் பேட்டரி இருக்கும் அதே பெட்டிக்குள் வேண்டாம், அது ஹைட்ரஜன் விடும். கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு ஃபேக்டரி கொடுத்த ஒயரும் 10 கேஜ்தான் என்றால், இங்கே சீரீஸ் தந்திரம் உதவாது, முழு 30 ஆம்ப்பும் ஓடும். அந்தத் துண்டை மட்டும் 8 கேஜாக மாற்றி, பேட்டரி பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 40 ஆம்ப் ஃபியூஸ் போட்டேன். மோட்டார்ஹோமில் எஞ்சின் பேட்டரி வேறு, வீட்டுப் பேட்டரி வேறு, நமக்கு வேண்டியது வீட்டுப் பேட்டரி. கூரை ஒயருக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே, டி.சி.க்கென்றே செய்த ஒரு சுவிட்ச் வையுங்கள்.

இணைக்கும்போது பேனல்மேல் போர்வையோ அட்டையோ போட்டு மூடிவிடுங்கள். முதலில் பேட்டரியை கன்ட்ரோலரில் இணைக்க வேண்டும், அப்புறம்தான் பேனல். கழற்றும்போது நேர்மாறாக, முதலில் பேனல். கரன்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது பேனல் ஒயர் முனையில் இருக்கும் எம்.சி.4 கனெக்டரைப் பிரிக்கக் கூடாது, பிரியும் இடத்தில் தாவும் டி.சி. தீப்பொறி கனெக்டரைப் பொசுக்கிவிடும். மூன்று சாக்கெட் மூடி உள்ளவர்கள், சீரீஸ் கோப்பதை மூடிக்கு வெளியே முடித்து, வரும் கடைசி இரண்டு முனைகளை ஒரே ஒரு சாக்கெட்டில் மட்டும் செருகுங்கள்.

பிறகு கன்ட்ரோலரில் பேட்டரி வகையைச் சரியாக அமையுங்கள். லித்தியம் என்றால் அதற்கான செட்டிங், உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் வசதியும் வேண்டும். லெட் ஆசிட் என்றால் பாதிக்குக் கீழே இறக்காமல் இருந்தால் பல வருஷம் உழைக்கும்.

போர்வையை எடுத்ததும் கன்ட்ரோலரில் பேனல் வோல்ட் நாற்பது சொச்சம் காட்ட வேண்டும். இருபது சொச்சம்தான் என்றால் இரண்டு பேனலும் பேரலலாகக் கோத்திருக்கின்றன, சைபர் என்றால் என்னைப் போல நீங்களும் மேலே எதையோ முறுக்கி வைத்திருக்கிறீர்கள். பேட்டரி ஏற்கெனவே நிறைந்திருந்தால் ஆம்ப் வரவே வராது, அதைப் பார்த்துப் பதறாமல் இரவெல்லாம் விளக்கைப் போட்டு வைத்துவிட்டு மறுநாள் பத்து மணிக்குப் பாருங்கள். முதல் நீண்ட பயணம் முடிந்ததும் ஒருமுறை ஏறி திருகுகளையும் சீலன்ட்டையும் பாருங்கள், அப்படியே ஈரத்துணியால் பேனலையும் துடைத்துவிடுங்கள், குவார்ட்ஸைட் புழுதி ஒரு வாரத்திலேயே மாவு தூவியது போலப் படிந்துவிடுகிறது.