மாதாந்திர ஸ்டேஷனரி பெட்டிக்கு டிசைன் செய்யும் மாணவர்களுக்கு

நோட்டு, ஸ்டிக்கர், புக்மார்க், வெளிப்பெட்டி என்று நாலு பேர் நாலு கணினியில் வரைந்தால் நாலு விதமான நீலம் வரும். அதனால் வரையத் தொடங்கும் முன்பே ஐந்து நிறங்களை சிஎம்ஒய்கே எண்களோடு (சியான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு அச்சு மைகளின் அளவு) ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். சிவப்பு, பச்சை, நீல ஒளி கலந்து திரையில் பளிச்சிடும் ஆர்ஜிபி நீலமும் பச்சையும் அச்சில் மங்கிவிடும்.

ஏ5 நோட்டின் முன் அட்டை 148 × 210 மி.மீ. சுற்றிலும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும் கோட்டைத் தாண்டி நிறத்தை நீட்டிவிடும் ஓரம்) சேர்த்தால் 154 × 216. எழுத்துகள் வெட்டும் கோட்டிலிருந்து 5 மி.மீ. உள்ளே இருக்கட்டும். பொடி எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் போதும். நாலு மையும் கலந்தால், தாள் இம்மி நகர்ந்தாலே ஓரம் மசமசவென்றாகும். நடுவில் பின் அடிக்கும் நோட்டுக்குப் பக்க எண்ணிக்கை 4-ஆல் வகுபட வேண்டும்.

பலரும் கோட்டைவிடுவது பழுப்பு க்ராஃப்ட் பெட்டியில்தான். வெள்ளை மை தனியாக அடிக்காவிட்டால் வெள்ளையாக விட்ட இடமெல்லாம் பழுப்பாகவே நிற்கும். வெளிர் மஞ்சள் தெரியவே தெரியாது. கறுப்பு ஒன்றிலேயே அடிப்பது செலவும் குறைவு, பார்க்கவும் அழகு.

ஸ்டிக்கரின் வெட்டுக்கோட்டைத் தனி லேயரில் (அடுக்கில்) போடுங்கள். தமிழ் எழுத்துகளை அவுட்லைனாக (ஃபாண்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றி அனுப்புங்கள். இல்லாவிட்டால் அச்சகக் கணினியில் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும்.