பால்கனியில் கிடக்கும் இறகு புறாவுடையதா?

முதலில் நிறத்தைப் பாருங்கள். சாம்பல் நிறமாக, நுனிக்குக் கொஞ்சம் முன்னால் அகலமான கருப்புப் பட்டை இருந்து, தண்டுக்கு இருபக்கமும் ஏறக்குறைய சம அகலமாக இருந்தால் அது மாடப்புறாவின் வால் இறகுதான், பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை. (காக்கை இறகு என்றால் முழுக்கக் கருப்பாக மினுமினுக்கும்.) லேசாக வளைந்து, ஒரு பக்கம் ஒடுங்கி மறுபக்கம் அகன்றிருந்தால் அது சிறகின் வெளிப்பக்க இறகு, ஒடுங்கிய பக்கம்தான் காற்றைக் கிழிக்கும். இந்த வெளிப்பக்க இறகுகள் ஒரு சிறகுக்கு 10, வால் இறகுகள் மொத்தம் 12.

இறகு கிடந்தால் புறாவுக்கு அடிபட்டது என்று பயப்பட வேண்டாம். சிறகு இறகுகளை அது ஒவ்வொன்றாகத்தான் உதிர்க்கும், அதனால் பறப்பது நிற்காது. அப்புறம், பாறை இடுக்கில் கூடு கட்டிய இனம் என்பதால்தான் உங்கள் ஏசி பெட்டி மேல் அதற்கு அவ்வளவு ஆசை. இறகில் மெல்லிய தூள் இருக்கும், சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை தரும், எனவே முகர்ந்து பார்க்காதீர்கள், தொட்டால் கை கழுவுங்கள்.