உள்ளே இருக்கும் லூப் எந்தப் பக்கம் நகர்கிறது?

பெரிய இரு பரிமாண அர்ரேயை (கிடைவரிசை, நெடுவரிசையாக எண்களை அடுக்கிய அட்டவணை) முழுக்கச் சுற்றிவந்து கூட்டும் நிரல் மெதுவாக ஓடினால், வேறு கணினிக்கு மாற யோசிப்பதற்கு முன் உள்ளே இருக்கும் லூப்பையும் வெளியே இருக்கும் லூப்பையும் (கட்டளைகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் பகுதிகள்) இடம் மாற்றிப் பாருங்கள். சி மொழியில் ஒரு கிடைவரிசையின் எண்கள் நினைவகத்தில் அடுத்தடுத்து இருக்கும். பிராசஸர் ஒரே ஒரு எண்ணைக் கேட்டாலும் பெரும்பாலான கணினிகளில் 64 பைட்டாகத்தான் கேஷுக்குள் (பிராசஸரின் பக்கத்திலேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகம்) அள்ளி வரும், அதாவது 4 பைட் எண்கள் என்றால் ஒரே நடையில் 16. கிடைவரிசையாகப் போனால் பதினாறும் பயன்படும்; நெடுவரிசையாகப் போனால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மீதி 15-ஐத் தொடாமலே தாவுகிறோம், அர்ரே பெரிதென்றால் திரும்பி வருவதற்குள் அவை கேஷிலிருந்து வெளியேறியிருக்கும். அல்காரிதம் அதேதான், கூட்டல்களும் அத்தனையேதான், ஆனால் நேரம் பல மடங்கு ஆகலாம்! அப்புறம், ஃபோர்ட்ரான் மொழியில் எழுதுபவர்களுக்கு இது தலைகீழ்: அங்கே நெடுவரிசைதான் தொடர்ச்சியாக இருக்கும்.