மர விமான பாகங்களுக்குப் பசை தேர்ந்தெடுக்கும்போது

வீட்டிலேயே சிறு விமானம் கட்டுவோர், கடைகளில் எளிதில் கிடைக்கும் வெள்ளைத் தச்சுப் பசையை இறக்கையின் சட்டங்களுக்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. நாற்காலிக்கு அது போதும், ஆனால் தொடர்ந்து பாரம் தாங்கும்போது மெல்ல நெகிழ்ந்து, வெயிலில் இளகிவிடும். பழைய விமானங்களில் பயன்பட்ட, பால் புரதத்தால் ஆன கேசீன் பசையோ ஈரத்தாலும் பூஞ்சையாலும் அழியக்கூடியது என்பதால், புதுச்சேரி, கடலூர் போன்ற கடலோர ஊர்களுக்கு உகந்ததன்று.

ரிசார்சினால் என்ற செயற்கைப் பிசின் பசை நீரையும் வெப்பத்தையும் நன்றாகத் தாங்கும். ஆயினும் இணைப்பு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும், வலுவான அழுத்தமும் ஏறத்தாழ 21 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெப்பமும் வேண்டும். பின்னதற்கு நம் ஊரில் பஞ்சமில்லை. பிசினும் இறுக்கியும் கலந்து பயன்படுத்தும் எப்பாக்சி பசை சிறு இடைவெளியை நிரப்பும், ஆனால் வெப்பம் மிகுந்தால் வலுவிழக்கும். எனவே விமான மரவேலைக்கென்றே தயாரிக்கப்பட்டதை வாங்கி, அதன் வெப்ப வரம்பைத் தகவல் தாளில் பார்த்து, இறக்கைக்கு வெள்ளை வண்ணமே பூசுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் சில எப்பாக்சிகளின் மேல் மெழுகு போன்ற படலம் படியும். அதை வெதுவெதுப்பான நீரால் துடைத்து உலர்த்திய பின்னரே அடுத்த பூச்சைத் தொட வேண்டும்.

ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் அதே மரத்தின் இரு துண்டுகளை ஒட்டிவைத்து, இறுகிய பின் உளியால் பிளந்து பார்ப்பது என் வழக்கம். பிளவு முழுவதும் மரநார் பிய்ந்து வந்திருந்தால் இணைப்பு நம்பத்தக்கது. பசைப்பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பாகத் தெரிந்தால், அந்தக் கலவையால் ஒட்டிய பாகங்கள் அனைத்தையும் தயங்காமல் ஒதுக்கிவிட வேண்டும்.