கப் அளவைக் கிராமுக்கு மாற்றுவது எப்படி?

கேக் குறிப்பில் "2 கப் மா" என்று இருந்தால் முதலில் கேட்க வேண்டியது, எந்தக் கப்? அமெரிக்கக் குறிப்பென்றால் ஒரு கப் சுமார் 240 மில்லிலீற்றர். அவுஸ்திரேலியக் குறிப்பென்றால் 250. திருகோணமலையில் எங்கள் வீடுகளில் மா அள்ளுவதோ தேத்தண்ணிக் கப்பால், இல்லாவிட்டால் ரின்பால் பேணியால். ஒரு டிஜிட்டல் தராசு இருந்தால் இந்தக் குழப்பம் முழுவதும் தீரும்.

முதலாவது, உங்கள் கப்பை அளந்துகொள்ளுங்கள். வெறும் கப்பைத் தராசில் வைத்து, பூச்சியமாக்கும் பொத்தானை அழுத்துங்கள். விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் 1 மில்லிலீற்றர் 1 கிராம் நிறை என்பதால், தராசு 200 என்று காட்டினால் உங்கள் கப் 200 மில்லிலீற்றர். பேணிக்கும் இதே வழிதான்.

அடுத்தது மா. இதில்தான் அதிகம் பிழைக்கிறது, அதனால் கொஞ்சம் பொறுமை வேண்டும். சீனன்குடாவில் அரைத்துவரும் கோதுமை மாவையே எடுங்கள். கரண்டியால் மெல்ல அள்ளிப் போட்டு, கத்தியின் முதுகால் மேலே வழித்துவிட்டால் 240 மில்லிலீற்றர் கப்பில் 120 முதல் 125 கிராம்தான் இருக்கும். அதே கப்பைப் பைக்குள் விட்டு அமுக்கி அள்ளினால் 150 கிராமையும் தாண்டும். மாத்துகள்களுக்கு இடையில் இருக்கும் காற்றுத்தான் காரணம். கப்பை மேசையில் ஒரு தட்டுத் தட்டினாலே மா கீழே இறங்குவதைப் பார்க்கலாம். இரண்டு கப்புக்கு 50, 60 கிராம் கூடிப்போனால் கேக் வறண்டு வெடிக்கும்.

"அரித்த மா 1 கப்" என்றால் அரிதட்டில் அரித்த பிறகு அளப்பது. "மா 1 கப், அரித்தது" என்றால் அளந்த பிறகு அரிப்பது. இரண்டும் ஒரே நிறை அல்ல.

மற்றவை இவ்வளவு சிக்கல் இல்லை. 240 மில்லிலீற்றர் கப்புக்கு அண்ணளவாக:

சீனி: 200 கிராம்
ஐசிங் சீனி: 120
பட்டர்: 227
பால்: 245
எண்ணெய்: 218
தேன்: 340
ரவை: 165 முதல் 170
கொக்கோத் தூள்: 85

அப்படியென்றால் 2 கப் மா, 1 கப் சீனி, 1 கப் பட்டர், அரைக் கப் பால் என்ற குறிப்பு 250, 200, 227, 122 கிராம் என்று மாறும். சரி, குறிப்பு அவுஸ்திரேலியாவினது என்றால் எல்லாவற்றையும் 250 ஆல் பெருக்கி 240 ஆல் பிரியுங்கள்.

பட்டியலில் இல்லாத பொருள்களை நீங்களே நிறுத்துக்கொள்ள வேண்டும். வறுத்த சிவப்பரிசி மாவை எடுத்துக்கொள்வோம். அது அரைத்த பதத்துக்கு ஏற்ப நிறை மாறும், ஆகவே வேறொருவரின் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் 200 மில்லிலீற்றர் கப்பில் அது 110 கிராம் என்று காட்டினால், 110 ஐ 240 ஆல் பெருக்கி 200 ஆல் பிரித்தால் 132. மூன்று முறை நிறுத்துச் சராசரி எடுத்து, மா டின்னிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

அம்மம்மா காலத்துக் கொப்பிகளில் றாத்தலும் அவுன்சும் இருக்கும். அவை ஏற்கெனவே நிறைதான், எனக்கு அவற்றில்தான் நம்பிக்கை அதிகம். ஒரு றாத்தல் 454 கிராம், ஒரு அவுன்ஸ் 28 கிராம். 227 கிராம் பட்டர் பக்கற் அரை றாத்தல், அமெரிக்கக் கணக்கில் ஒரு கப்பும் அதுவே. ஆனால் பாலுக்கோ எசன்ஸுக்கோ அவுன்ஸ் என்று எழுதியிருந்தால் அது திரவ அவுன்ஸ், 28 முதல் 30 மில்லிலீற்றர் வரை.

பேக்கிங் பவுடர், உப்பு, ஏலக்காய்த் தூள் ஆகியவற்றுக்குத் தேக்கரண்டியே போதும். வீட்டுத் தராசுகள் ஓரிரு கிராமைச் சரியாகக் காட்டுவதில்லை. தேக்கரண்டி 5 மில்லிலீற்றர், மேசைக்கரண்டி 15. அவுஸ்திரேலிய மேசைக்கரண்டி மட்டும் 20.